ஜெபத்தில் வந்த மெமோ

எங்கள் பள்ளியில் மெமோ காகிதத்தில் வராது. கண்ணை மூடினால் வரும்.

காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன்னால் ஆசிரியர் அறையில் வட்டமாக நிற்போம். தாளாளர் நடுவில் நிற்பார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைக் கைக்குட்டை. "ஜெபிப்போம்" என்பார். எங்கள் இமைகள் பந்த் நாளின் கடை ஷட்டர்கள் மாதிரி ஒரே சமயத்தில் இறங்கும். அதற்கப்புறம் அவர் பரலோகத்தைப் பார்த்துப் பேசுகிற சாக்கில் எங்களைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார்.

"அன்பின் பிதாவே, இந்தக் காலை வேளைக்காக ஸ்தோத்திரம். மூன்றாம் வகுப்புச் சகோதரி பிந்தி வருவதை நீர் காண்கிறீர் ஆண்டவரே. ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள் என்று அவர்கள் சொல்லும் காரணத்தையும் நீர் அறிவீர். கேட் போடவில்லை என்பதையும் நீர் அறிவீர்."

மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள். நானும் ஒற்றைக் கண்ணால் ஆறுதல் சொல்வேன். வேறென்ன செய்ய முடியும்? ஜெபத்துக்கு நடுவில் கை தூக்கி, "இல்ல சார், நெஜமாவே கேட்டு போட்டுட்டான்" என்று சொன்ன கிறிஸ்தவர் இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. கண்ணை மூடினால் வாயையும் மூட வேண்டும். அது எங்கள் வளர்ப்பு. சாக்பீஸ் வீணாவதற்காக அவர் குரல் தழுதழுக்க மன்றாடியிருக்கிறார். மதிய இடைவேளையில் ஃபேன் ஓடுவதைப் பரலோகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். கடைசியில் ஒரு ஆமென். அதை நாங்களும் சேர்ந்து சொல்ல வேண்டும். குற்றச்சாட்டு அவருடையது, தீர்ப்பு அவருடையது, ஒப்புதல் மட்டும் எங்களுடையது.

நான் அங்கே தமிழ் எடுப்பவள். வீடு கடலூர் முதுநகரில், துறைமுகத்து ஐஸ் வண்டிகள் ஒழுகிக்கொண்டே போகும் தெருவில். பள்ளி சிதம்பரத்தைத் தாண்டி, காட்டுமன்னார்கோயில் சாலையில். நடுவே பாசஞ்சர் ரயில். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஸ்டேஷன்களைக் கோத்துக்கொண்டு போகிற அந்த ரயிலில்தான் நான் கவிதை எழுதுவேன், தலைமுடி காயவைப்பேன், ஜெபமும் பண்ணுவேன். என் விசுவாசம் பெரிய கோபுரம் ஒன்றுமில்லை. கைப்பையில் கிடக்கிற மடக்குக் குடை. மழை இல்லாத நாளில் அது இருப்பதே தெரியாது. தோளில் கனம் மட்டும் தெரியும்.

மழை ஒரு பஸ்ஸின் உருவத்தில் வந்தது.

மாலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற பஸ்ஸில் ஒரு ஆசிரியை கூடப் போக வேண்டும். அந்த வாரம் என் முறை. பஸ்ஸை ஓட்டுபவர் காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊர்க்காரர். எல்லாருக்கும் அவர் பாய். பிள்ளைகளுக்கு பாய் அங்கிள். அந்தப் பஸ்ஸின் பிரேக் சரியில்லை என்பது எங்களுக்கெல்லாம் தெரியும், ஏனென்றால் அவர் அதைத் தினமும் சொல்வார். பள்ளி வாசலில் தாளாளரைப் பார்த்ததும் சலாம் வைப்பதற்கு முன்பே அதைத்தான் சொல்வார்.

"சார், பெடலு உள்ள போவுது சார்."

"ஜெபம் பண்ணிட்டு எடுங்க பாய்."

"ஜெபம் பண்ணாலும் உள்ள போவுது சார்."

தாளாளர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். பாயும் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துவிடுவார். நாங்களும் சிரிப்போம். இப்படி ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோது பெடல் மட்டும் சிரிக்காமல் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

மாசி மாதம். அறுவடை முடிந்து வயலெல்லாம் சவரம் செய்துகொண்ட முகம் மாதிரி கிடந்தது. வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்குகிற இடத்தில் எதிரே ஒரு நெல் லாரி. பாய் பெடலை மிதித்தார். கால் போனது, பஸ் நிற்கவில்லை. மறுபடி மிதித்தார்.

"டீச்சர், உக்காருங்க! புள்ளைங்களா, முன்னாடி கம்பியப் புடிங்க, கெட்டியாப் புடிங்க!"

ஒரு பக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர். இன்னொரு பக்கம் வெறும் வயல், வயலின் ஓரத்தில் வீடு உயரத்துக்கு ஒரு வைக்கோல் போர். அவர் "யா அல்லா" என்றார். நான் "இயேசுவே" என்றேன். இரண்டு அழைப்பும் மேலே ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன; அங்கே யார் எடுத்தார்களோ தெரியாது. பாய் ஸ்டியரிங்கை ஒடித்தார். பஸ் வரப்பில் குதித்து, பசித்த எருமை மாதிரி நேரே வைக்கோலுக்குள் முகத்தைப் புதைத்து நின்றது.

பஸ்ஸுக்குள் பொன்நிறத்தில் வைக்கோல் மழை. என் டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த கொத்சு மொத்தமும் என் புடவையில். எந்தப் பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. எல்.கே.ஜி. வாண்டு ஒன்று கை தட்டிக்கொண்டு கேட்டது: "பாய் அங்கிள், இன்னொரு வாட்டி போலாமா?"

பாய் என் முகத்துக்கு நேரே குனிந்து, "டீச்சர், அடி பட்டுச்சா? யாருக்காச்சும் அடி பட்டுச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் வாயில் வெங்காய வாசனை. மதியச் சோற்றோடு கடித்த பச்சை வெங்காயம். அதைத் தவிர வேறெந்த வாசனையும் இல்லை. எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. முதுநகரில் வாழ்க்கைப்பட்டவளுக்கு மீனின் வயதை வாசனையிலேயே சொல்லத் தெரியும்.

வைக்கோல் போருக்குச் சொந்தக்காரர் துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"யோவ், நிறுத்தறதுக்கு ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா?"

பிறகு ஜன்னலில் தன் மகளின் முகத்தைப் பார்த்தார். அவளும் பள்ளி விட்டு அந்தப் பஸ்ஸில்தான் வருகிறாள். அந்த மனிதர் அப்படியே பாயைக் கட்டிக்கொண்டார். "வைக்கோலு கெடக்குதுயா. மாடு தின்றத பஸ்ஸு தின்னுட்டுப் போவுது."

யாருக்கும் அடிபடாததால் போலீஸ் வரவில்லை. போலீஸ் வராததால் ஓட்டுநரை ஊதச் சொல்லவும் ஆள் இல்லை. அந்த வசதியைத் தாளாளர் அன்று மாலையே பயன்படுத்திக்கொண்டார். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: ஓட்டுநர் குடிபோதையில் இருந்தார், உடனடியாக நீக்கப்பட்டார், கர்த்தர் நம் பிள்ளைகளைக் காத்தார். கீழே கும்பிடும் கைகள், வரிசை வரிசையாக.

ரயிலில் உட்கார்ந்து அதைப் படித்தேன். பரங்கிப்பேட்டையிலிருந்து ஆலப்பாக்கம் வரைக்கும் ஜன்னலில் எதுவும் தெரியவில்லை. ஒரு வெங்காயத்தைச் சாராயமாக்குகிற அற்புதம் இவ்வளவு சுலபமா?

மறுநாள் தாளாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை பேரன்ட்ஸ கூப்புட்டு ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வச்சிருக்கேன் சிஸ்டர். நீங்கதான் நன்றி ஜெபம் பண்றீங்க."

"நானா சார்?"

"பஸ்ல இருந்தது நீங்கதான? நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. தமிழ் டீச்சர் வேற, அழகாப் பண்ணுவீங்க. குடிகாரன் கையிலேருந்து புள்ளைங்களத் தப்புவிச்சீரேன்னு அந்த ஒரு பாயிண்ட் மட்டும் வந்துரணும்."

"பாய் குடிக்கலியே சார்."

"குடிக்கலன்னு நீங்க பாத்தீங்களா?"

"குடிக்காதத எப்பிடி சார் பாக்கறது?"

அவர் கைக்குட்டையை மடித்தார். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார். "ஜெபிப்போமா?"

என் இமைகள் பழக்கதோஷத்தில் தாமாக விழுந்தன.

"அன்பின் பிதாவே, இந்தச் சகோதரியின் வேலையை இதுநாள் வரைக்கும் காத்து வந்தீரே, ஸ்தோத்திரம். இனிமேலும் காப்பது உமக்குச் சித்தமானால்..." அங்கே நிறுத்தி ஓர் இடைவெளி விட்டார். எங்கள் பிரேக் இல்லாத பஸ்ஸே புகுந்து போகலாம், அவ்வளவு பெரிய இடைவெளி. "ஆமென்."

"ஆமென்" என்று நானும் சொல்லித் தொலைத்தேன்.

என் கணவர் துறைமுகத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்ப்பவர். கை முழுக்க கிரீஸோடு உட்கார்ந்து கதையைக் கேட்டார். முதலில் பெடல் பற்றித்தான் அவருக்குக் கோபம் வந்தது. "பிரேக் இல்லாம ஓட்டறதுக்கு அது என்னா படகா?" என்றார். அப்புறம் வேலை பற்றிய பயம் வந்தது.

"தா பாரு, கண்ண மூடிக்கிட்டு ஒரு வரி சொல்லிட்டு வந்துரு. என்னா நடந்துச்சுன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

"தெரியும்ங்கறதுதான என் பிரச்சனையே."

"கவிதயில எவ்ளோ புளுவற, ஜெபத்துல ஒன்னு புளுவுனா என்னா?"

சரியான கேள்வி. கவிதையில் நான் அளவில்லாமல் பொய் சொல்லியிருக்கிறேன். நிலாவுக்குக் காய்ச்சல் என்றிருக்கிறேன். வெள்ளாற்றுக்குப் பல் முளைத்துவிட்டது என்றிருக்கிறேன். அதனால் நிலாவுக்கு வேலை போகவில்லை. வெள்ளாறு தெருவில் தலை குனிந்து நடக்கவில்லை. ஆனால் ஜெபம் என்பது எனக்கு ஒரே ஒரு ஆளோடு பேசுகிற பேச்சு. அந்த ஆளிடம் நான் எல்லாம் கேட்டிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், வாரக்கணக்கில் பேசாமல் முறுக்கிக்கொண்டும் இருந்திருக்கிறேன். பொய் மட்டும் சொன்னதில்லை. சொல்லிப் பயனில்லை என்பதும் ஒரு காரணம்.

"பாயப் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றேன்.

"போயி?"

"தெரியல. ஒரு மொகத்தப் பாத்தா ஒரு முடிவு வரும்."

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் ஏறினேன். அந்தப் பஸ் பிரேக் போடும்போதெல்லாம் டிரைவரை எட்டிப் பார்த்து நன்றி சொல்லத் தோன்றியது. பாய் வீட்டு வாசலில் தன் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே கண்ணாடியாக மின்னியது; வேலை இல்லாதவர் வீட்டு வண்டி அப்படித்தான் மின்னும். அவர் மனைவி இஞ்சி டீ கொடுத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"வேற ஸ்கூலுல கேட்டீங்களா பாய்?"

"கேட்டேன் டீச்சர். எல்லா ஸ்கூலும் அந்த மெசேஜப் பாத்துருக்கு. ஒருத்தர் ரொம்ப மரியாதையா, 'விட்டுட்டு வாங்க, பாப்போம்'ங்கறாரு. எத விடறது? புடிச்சாத்தான விடறதுக்கு?"

அவர் மனைவி நிலைப்படியிலிருந்தே சொன்னார்: "சோடா குடிச்சாலே இவுருக்குத் தல சுத்தும் டீச்சர். இவுரு குடிச்சாராம்!"

பாய் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "பள்ளிவாசல்ல சலாம் சொன்னா கிட்ட வந்து மூக்க நீட்றாங்க டீச்சர். வருசக்கணக்கா தெரிஞ்ச ஆளுங்க. கேக்க மாட்டாங்க, மோந்து பாக்கறாங்க. வண்டி போச்சுன்னா வேற வண்டி. பேரு போச்சுன்னா எந்த டெப்போவுல போயி எடுக்கறது?"

நான் சனிக்கிழமை கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். என்னைச் சொல்லச் சொன்ன வரியையும் சொன்னேன். அவர் மொபெட்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"பொய் சொல்லாதீங்க டீச்சர். வேலையயும் விட்டுறாதீங்க. ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும். உங்க ஆண்டவன்கிட்ட கேளுங்க, நானும் என் பக்கம் கேக்கறேன்."

சந்து தேடி நான் ரயிலில் ஏறிய சனிக்கிழமை காலை, எதிர் இருக்கையில் மீன் கூடையோடு ஒரு அக்கா. நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஜெபத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை சொன்னதில் தாளாளரைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தேன். பிரேக் மாற்றாத பாவியை நீர் அறிவீர், அப்பாவியைப் பழித்த நாவை நீர் அறிவீர், இப்படி வரி வரியாக. நன்றாகவே இருந்தது. எதுகை மோனையெல்லாம் தன்னால் வந்து விழுந்தது. புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் சுருக்கென்றது: இது அவருடைய ஜெபம் அல்லவா? அதே நீர் அறிவீர், அதே மெமோ, கையெழுத்து மட்டும் என்னுடையது. கடவுளைத் தபால்காரராக்கி எதிராளி வீட்டுக்கு அனுப்புகிற வேலையை நானும் ஆரம்பித்துவிட்டேன்.

அழித்தேன். மறுபடி சொன்னேன். மறுபடி அழித்தேன்.

"இன்னாம்மா, காலங்காத்தால யாருகிட்ட சண்ட?" என்றார் மீன்கார அக்கா.

"சாமிகிட்டக்கா."

"செயிச்சிட்டியா?"

"இல்லக்கா. தோத்துக்கிட்டே வரேன்."

"அதான் நல்லது. சாமிய செயிச்சுட்டு அப்பறம் யாருகிட்டப் போயி நிப்ப?" என்று சொல்லிவிட்டுக் கூடையின் ஈரத்துணியைச் சரிசெய்தார்.

கிள்ளையில் ரயில் நின்றபோது ஒன்று முடிவானது. பார்த்ததற்கு நன்றி சொல்வேன். பார்க்காததைச் சொல்ல மாட்டேன். தாளாளரைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டேன். அதற்கப்புறம் வேலை போனால் போகட்டும். முதுநகரில் டியூஷனுக்குப் பிள்ளைகளா இல்லை?

பள்ளி மைதானத்தில் சாமியானா. ஒரு பக்கம் கேசரி வாசனை, இன்னொரு பக்கம் மைக் செட்டின் உளறல். பெற்றோர் பிள்ளைகளோடு நிறைய வந்திருந்தார்கள். பாதிப் பேர் வயல்காரர்கள், மீதிப் பேர் கடை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் இருக்கும் கணவருக்கு வீடியோ காட்டுகிற பெண்கள். கிறிஸ்தவர்கள் என்று பார்த்தால் ஆசிரியைகள் சிலரும் தாளாளரும்தான். முதல் வரிசையில் வைக்கோல் போர்க்காரர், புதுத் துண்டோடு. அவரிடம் பட்டன் போன்; வாட்ஸ்அப் செய்தியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கேசரிக்கு அழைத்தார்கள் என்று வந்திருந்தார்.

தாளாளர் என் கையில் மைக்கைக் கொடுத்தார். "அந்தப் பாயிண்ட்" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

"ஜெபிப்போம்" என்றேன். மைதானமே கண்ணை மூடியது. என் முழங்கால்கள் மட்டும் சேலைக்குள் தனியாகக் கோலாட்டம் ஆடின.

"அன்பின் பிதாவே, அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் நானும் இருந்தேன். நான் கண்ணால் கண்டவற்றுக்கு மட்டும் இப்போது நன்றி சொல்கிறேன். சாலை ஓரத்தில் உயரமாக ஒரு வைக்கோல் போர் வைத்தீரே, அதற்காக ஸ்தோத்திரம்."

எங்கோ ஒரு சிரிப்பு முளைத்து அடங்கியது.

"பிள்ளைகளைக் கம்பியைப் பிடிக்கச் சொன்ன குரலுக்காக ஸ்தோத்திரம். வாய்க்கால் பக்கம் போகாமல் வயல் பக்கம் திருப்பிய எங்கள் பாயின் கைகளுக்காக ஸ்தோத்திரம்."

"ஆமென்!" என்று பக்கத்திலிருந்து ஒரு முழக்கம். தாளாளர்தான். ஜெபத்தை முடித்துவைக்கிறாராம். பழக்கத்தில் ஆசிரியைகளும் "ஆமென்" என்றார்கள். ஆனால் ஜெபத்தை முடிக்க வேண்டியது ஜெபிக்கிறவள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தேன்.

"பெடல் உள்ளே போகிறது என்று அவர் தினமும் சொல்லி வந்தாரே, அந்த உண்மையான வாய்க்காக ஸ்தோத்திரம்."

"ஆமென்! ஆமென்!"

கேட்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நான் பாயைப் பற்றி ஒன்று சொல்லச் சொல்ல, தாளாளர் மெய்சிலிர்த்து ஆமோதிப்பது போல இருந்தது. அவருக்கு மைக்கைப் பிடுங்கத்தான் ஆசை. ஆனால் ஜெபத்தில் நிற்கிற ஒருத்தியின் கையிலிருந்து எப்படிப் பிடுங்குவது? அதுவும் அவர் வளர்ப்பு. அவர் கட்டிய கொட்டடிக்குள் அவரே நின்றார்.

"அவர் குனிந்து, யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டபோது அவர் வாயில் வெங்காய வாசனையைத் தவிர வேறு எதுவும் இல்லை. அந்த வெங்காயத்துக்காகவும்..."

"வெங்காயந்தாங்க! நானும் மோந்தேன்!"

வைக்கோல் போர்க்காரர். ஜெபத்தில் பேசக் கூடாது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அவர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நிற்கிற மாதிரி எழுந்து நிற்பது நாற்காலிச் சத்தத்திலேயே தெரிந்தது. "என் போர்லதான் வண்டி வந்து நின்னுச்சு. அந்த மனுசன நான் கட்டிப் புடிச்சேன். வெங்காயமும் வேர்வையுந்தான்."

நாங்கள் காலங்காலமாகப் பூட்டி வைத்திருந்த கதவு, தாழ்ப்பாள் எங்கே என்றே தெரியாத ஒருவர் கை பட்டுத் திறந்துகொண்டது.

"அப்பறம் குடிச்சிட்டு ஓட்டுனான்னு குரூப்புல போட்டுருந்துச்சே?" என்றார் ஒரு பெண்.

"யாரு குடிச்சது?"

"பெடலு உள்ள போவுதுன்னு சொன்னாராமே, யாருகிட்ட சொன்னாரு?"

"ஜெபத்துக்கு நடுவுல பேசக்கூடாதுங்க" என்றார் தாளாளர்.

"ஏன் பேசக்கூடாது? சாமி கோச்சுக்குமா? எங்க கோயில்ல நாங்க சத்தமாத்தான் கேப்போம்."

நான் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. தைரியத்தால் அல்ல. திறந்தால் ஜெபம் முடிந்துவிடும். முடிந்தால் நான் வெறும் டீச்சர். அந்த இருட்டுதான் அப்போது எனக்குக் கூரை. அதற்குள் நின்றுகொண்டு தாளாளரின் குரலைக் கேட்டேன். அதில் கோபம் இல்லை, நடுக்கம் இருந்தது. என் முழங்காலில் இருந்த அதே நடுக்கம். பிரேக் கதை வெளியே வந்தால் பள்ளியை மூடிவிடுவார்களோ என்று பயந்த மனிதர். பயத்தில் கைக்குக் கிடைத்தவரைத் தள்ளிவிட்டுத் தப்பப் பார்த்திருக்கிறார். அவருக்காக ஜெபிக்க வேண்டும் போலிருந்தது. ஜெபித்தேன். மைக்கைக் கீழே இறக்கி, உதடு அசையாமல். உரக்கச் சொல்லியிருந்தால் அது மெமோ ஆகியிருக்கும். என்ன கேட்டேன் என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை.

அப்புறம் மைக்கைத் தூக்கி "ஆமென்" என்றேன். அந்த முறை தாளாளர் சொல்லவில்லை. வைக்கோல் போர்க்காரர் சொன்னார், சரியான இடத்தில்.

கேசரி ஆறிப்போனது. பெற்றோர் தாளாளரை விடவில்லை. பஸ்ஸைக் காட்டச் சொன்னார்கள். டிராக்டர் ஓட்டுகிற ஒருவர் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துவிட்டுக் கீழே இறங்கி, "இதுல போற புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல நீச்சல் சொல்லிக்குடுங்க, வாய்க்கா பக்கத்துலதான் இருக்கு" என்றார். பிரேக் மாறாமல் பிள்ளைகள் ஏற மாட்டார்கள், பாய் வராமலும் ஏற மாட்டார்கள் என்று எல்லாருமாகச் சொல்லிவிட்டார்கள். அன்று பிற்பகல் வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு செய்தி வந்தது: ஓட்டுநர் பற்றிய தகவல் தவறு, வருந்துகிறோம். அதற்கும் கீழே கும்பிடும் கைகள். வீட்டில் என் கணவர் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வேல இருக்கா போச்சா?" என்றார்.

"திங்கக்கிழம கண்ண மூடுனாத் தெரியும்."

திங்கட்கிழமை வந்தது. வட்டமாக நின்றோம். ஷட்டர்கள் இறங்கின.

"அன்பின் பிதாவே, ஜெபத்தைச் சுருக்கமாக முடிக்கும் ஞானத்தை எங்கள் சகோதரிகளுக்குத் தந்தருளும். தமிழ் எடுக்கும் சகோதரியை இந்த வாரம் முதல் யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித்தரும் பெரிய ஊழியத்துக்கு நீர் அழைப்பதற்காக ஸ்தோத்திரம்."

ஒன்பதாம் வகுப்பிலிருந்து யு.கே.ஜி.க்கு. மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கண்ணையும் திறந்து சிரித்தேன். "சார், அதுக்கும் ஸ்தோத்திரம் சார்" என்றேன், ஜெபத்துக்கு நடுவிலேயே. அறை ஒரு கணம் திடுக்கிட்டது. பிறகு மூன்றாம் வகுப்பு டீச்சர், பல நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததை எடுத்து வெளியே விட்டாள்: "சார், நெஜமாவே அன்னிக்குக் கேட்டு போட்டுட்டான் சார்."

தாளாளர் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். இத்தனை காலமும் எங்கள் மூடிய முகங்களையே பார்த்துப் பழகியவர். முதல் தடவையாக நிறையக் கண்களைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "ஆமென்" என்றார், மிக மெதுவாக. அதற்கப்புறம் காலை ஜெபங்கள் குட்டையாகிவிட்டன. சாக்பீஸ் பற்றி இப்போது நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டுகிறார். அதற்குப் பதில் எழுத முடிகிறது.

யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு என் கவிதைகள் பிடித்திருக்கின்றன. நிலாவுக்குக் காய்ச்சல் என்றால் உடனே மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். என் பழைய பெரிய வகுப்பை நினைத்தால் மாலையில் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. அதை ரயிலில் அந்த ஒரே ஆளிடம் சொல்லிப் புலம்புகிறேன். கேட்டுக்கொண்டு வருகிறார். பதில் ஆலப்பாக்கம் வரை வருவதில்லை.

பஸ் முறை மறுபடி வந்தபோது புது பிரேக் போட்ட வண்டியில் ஏறினேன். பாய் பழைய சீட்டில் புது டவல் விரித்து உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலில் இப்போது யாரும் மூக்கை நீட்டுவதில்லையாம்; வெங்காய பாய் என்று கேலி செய்கிறார்களாம். "அது பரவால்ல டீச்சர். அந்தப் பேர நானே வச்சுக்கறேன்" என்றார்.

வாய்க்கால் பாலம் இறங்கியதும், எதிரே வண்டி எதுவும் இல்லாமலே, வைக்கோல் போருக்கு நேரே பெடலை மிதித்தார். பஸ் சொன்ன இடத்தில் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அத்தனையும், கூட்டத்தன்று கற்றுக்கொண்டன போலிருக்கிறது, ஒரே குரலில் கத்தின: "ஆமென்!"

பாய் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "புடிக்குது டீச்சர். உங்க ஆண்டவன்ட்ட சொல்லிடுங்க."

"நீங்களே சொல்லுங்க பாய்."

"சொல்லிட்டுத்தான் இருக்கேன். அஞ்சு வேளையும்" என்றபடி கியரைப் போட்டார்.